குழந்தையின் கார் சீட் சின்னதாகிவிட்டதா? எடையை மட்டும் பார்த்தால் போதாது... தலையைப் பாருங்க!

பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வர வாங்கிய கார் சீட்டை எத்தனை மாதம் வரை பயன்படுத்தலாம்? பாக்ஸில் 13 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. குழந்தை இன்னும் 10 கிலோகூட வரவில்லை. அப்போ இன்னும் ஒரு வருஷம் தாராளமாக ஓட்டலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிக்கலே அங்கேதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. குழந்தைக்கு முதல் பிறந்தநாள் முடிந்ததும், "காலை மடக்கிட்டு உட்காருது, பாவம்" என்று சீட்டை முன்பக்கம் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டுமே விபத்து நேரத்தில் குழந்தையின் தலையையும் கழுத்தையும் ஆபத்தில் தள்ளக்கூடியவை.

கைக்குழந்தைக்கான கார் சீட் எப்போது சின்னதாகிறது, அதை வீட்டிலேயே எப்படி செக் பண்ணுவது, அடுத்து எந்த சீட்டுக்கு மாறுவது என்பதைப் பார்ப்போம்.

எந்த சீட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

கைப்பிடி வைத்து, கூடை மாதிரி தூக்கிச் செல்லக்கூடிய சீட்தான் இன்ஃபன்ட் கார் சீட். இதைக் காரின் பின்பக்கம் பார்த்தபடி மட்டுமே பொருத்த வேண்டும். அதாவது குழந்தையின் முகம் காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்து இருக்கும். முன்பக்கம் பார்த்து இதைப் பொருத்தவே கூடாது.

இந்தியாவில் குழந்தைகள் சீட்டுக்கான தரநிலை ஏஐஎஸ்-072. ஐரோப்பாவின் பழைய ஆர்44 தரநிலையைப் போல இதிலும் சீட்டுகள் எடையை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. பிறந்தது முதல் 13 கிலோ வரை '0+' பிரிவு. 9 முதல் 18 கிலோ வரை '1' பிரிவு. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கூடை சீட்டுகள் 0+ பிரிவில் வருபவை.

ஐரோப்பாவின் புதிய ஆர்129 தரநிலையில் கதை வேறு. 'ஐ-சைஸ்' என்று சொல்லப்படும் இந்த சீட்டுகள் குழந்தையின் உயரத்தை வைத்தே பிரிக்கப்படுகின்றன. 40 முதல் 75 சென்டிமீட்டர் வரை, 40 முதல் 87 சென்டிமீட்டர் வரை என்று லேபிளில் இருக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் வாங்கி வந்த சீட் என்றால் பவுண்டிலும் இன்ச்சிலும் போட்டிருக்கும். 30 பவுண்டு என்றால் சுமார் 13.6 கிலோ, 35 பவுண்டு என்றால் சுமார் 15.9 கிலோ.

எனவே முதல் வேலை, உங்கள் சீட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் லேபிளைத் தேடிப் படிப்பது. பக்கத்து வீட்டுக் குழந்தை எத்தனை மாதம் வரை உட்கார்ந்தது என்பது உங்களுக்குக் கணக்கு ஆகாது.

சீட் சின்னதாகிவிட்டது என்பதைக் காட்டும் 4 அறிகுறிகள்

இந்த நான்கில் ஏதாவது ஒன்று வந்தாலும் அந்த சீட்டின் காலம் முடிந்தது என்று அர்த்தம். நான்கும் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருக்கக் கூடாது.

1. எடை: லேபிளில் உள்ள அதிகபட்ச எடையைக் குழந்தை தொட்டுவிட்டால் சீட்டை மாற்ற வேண்டும்.

2. உயரம்: லேபிளிலோ மேனுவலிலோ அதிகபட்ச உயரம் கொடுத்திருந்தால், அதைத் தொட்டதும் மாற்ற வேண்டும். எடை குறைவாக இருப்பதால் பரவாயில்லை என்று விடக் கூடாது.

3. தலை: இதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. குழந்தையின் உச்சந்தலை சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். உச்சந்தலைக்கும் விளிம்புக்கும் நடுவில் குறைந்தது 1 இன்ச், அதாவது 2.5 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. சில சீட்டுகளில் தலை விளிம்புக்குச் சமமாக வரும் வரை அனுமதி உண்டு. உங்கள் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. மேனுவல் தொலைந்துவிட்டால், மாடல் பெயரை வைத்து நிறுவனத்தின் இணையதளத்தில் தேடலாம். அதுவும் கிடைக்கவில்லை என்றால் 1 இன்ச் கணக்கைப் பின்பற்றுவது பாதுகாப்பானது.

4. பெல்ட்: பெல்ட்டை முழுவதும் தளர்த்தியும் கொக்கி மாட்ட முடியவில்லை, மாட்டினால் குழந்தையின் உடம்பை அழுத்துகிறது என்றால் சீட் போதவில்லை என்று பொருள். பின்பக்கம் பார்த்த சீட்டில் தோள் பெல்ட், குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். தோள் மேல் துளையைத் தாண்டினால் சீட்டை மாற்றச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. அதையும் மேனுவலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் முடிவது எடையா, உயரமா?

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, 12 மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 9.6 கிலோ, நீளம் 75.7 சென்டிமீட்டர். பெண் குழந்தைக்கு 8.9 கிலோ, 74 சென்டிமீட்டர். 24 மாதத்தில் ஆண் குழந்தை 12.2 கிலோ, பெண் குழந்தை 11.5 கிலோ.

அதாவது சராசரி வளர்ச்சி உள்ள குழந்தை 2 வயதிலும் 13 கிலோவைத் தொடுவதில்லை. ஆனால் 75 சென்டிமீட்டர் வரை மட்டுமே அனுமதி உள்ள ஐ-சைஸ் சீட் என்றால், முதல் பிறந்தநாளையொட்டியே அதன் எல்லை வந்துவிடுகிறது. உயரம் குறிப்பிடாத 0+ சீட்டிலும், பல குழந்தைகளுக்கு எடை வரம்புக்கு ரொம்ப நாள் முன்னாடியே தலை விளிம்பை நெருங்கிவிடும்.

"13 கிலோ வரை" என்ற எண்ணை மட்டும் நம்பினால், தலை ஓட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் நிலையில் மாதக்கணக்கில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக நேரும். பின்பக்கம் பார்த்த சீட்டின் முக்கியமான வேலையே மோதலின்போது தலையைத் தாங்கிப் பிடிப்பதுதான். ஓட்டுக்கு மேலே போன தலைக்கு அந்தத் தாங்கல் கிடையாது.

வீட்டிலேயே 5 நிமிடத்தில் செக் பண்ணுவது எப்படி?

குழந்தையை சீட்டில் உட்கார வைத்து, முதுகும் இடுப்பும் சீட்டோடு ஒட்டியிருக்கும்படி செய்யுங்கள். சறுக்கிக் கீழே இறங்கியிருந்தால் அளவு தப்பாக வரும்.

பெல்ட் போட்டு இறுக்குங்கள். தோள் எலும்புக்கு மேலே உள்ள பெல்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் சிக்கினால் பெல்ட் இன்னும் தளர்வாக இருக்கிறது. விரல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரியாக இருக்கிறது.

இப்போது அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை சீட் ஓட்டின் மேல் விளிம்பிலிருந்து குழந்தையின் தலைக்கு மேலே மட்டமாக நீட்டிப் பிடியுங்கள். புத்தகத்துக்கும் உச்சந்தலைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். அந்த இடைவெளி 2.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அடுத்த சீட்டுக்கான நேரம் வந்துவிட்டது.

ஒரு விஷயம். தலையணைப் பகுதியைத் தனியாக மேலே ஏற்றக்கூடிய சீட் என்றால், முதலில் அதைச் சரியான உயரத்துக்கு ஏற்றிவிட்டு அளக்க வேண்டும். பிறந்த குழந்தைக்காக உள்ளே வைக்கும் மெத்தையும் அப்படித்தான். குறிப்பிட்ட எடைக்கு மேல் அதை எடுத்துவிடும்படி மேனுவலிலேயே இருக்கும். மெத்தையை எடுக்காமலேயே "இடம் பத்தலை" என்று முடிவு செய்பவர்கள் நிறைய பேர். எடுத்துப் பார்த்தால் இன்னும் சில மாதங்களுக்கு அதே சீட் போதுமானதாக இருக்கலாம்.

எடையும் நீளமும் தெரிந்துகொள்ளத் தனியாக எங்கும் போக வேண்டியதில்லை. தடுப்பூசி போடப் போகும்போது எடை பார்ப்பார்கள். அப்போது நீளத்தையும் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கள். 9 மாதத் தடுப்பூசிக்குப் போய் வந்ததும் அந்த எண்களை சீட் லேபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால், அடுத்த சீட் வாங்கத் திட்டமிட நேரம் கிடைக்கும். அதன் பிறகு மாதம் ஒருமுறை தலையின் இடைவெளியைப் பார்த்தால் போதும்.

இதெல்லாம் அறிகுறி கிடையாது

கால் சீட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது: கார் இருக்கையின் முதுகில் குழந்தையின் கால் இடித்தாலும், மடங்கியிருந்தாலும் சீட் சின்னதாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. குழந்தைகள் சம்மணம் போட்டும், காலைத் தூக்கி வைத்தும் வசதியாகவே உட்காருவார்கள். "விபத்து நடந்தா கால் உடைஞ்சிடாதா?" என்ற பயம் இயல்புதான். ஆனால் முன்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தையின் கால்கள்தான் மோதலில் முன்னே வீசப்பட்டு முன் இருக்கையில் அடிபட அதிக வாய்ப்பு உண்டு. அதோடு, கால் எலும்பு முறிந்தால் சேர்க்க முடியும், கழுத்துத் தண்டுவடம் அப்படியில்லை.

முதல் பிறந்தநாள்: வயது ஒரு எல்லை கிடையாது. 8 மாதத்தில் சீட் போதாமல் போகும் குழந்தையும் உண்டு, 15 மாதம் வரை அதே சீட்டில் உட்காரும் குழந்தையும் உண்டு.

தூக்க முடியாத கனம்: 9 கிலோ குழந்தையோடு சீட்டையும் சேர்த்துத் தூக்கினால் கை விட்டுப் போகும்தான். சீட்டைக் காரிலேயே விட்டுவிட்டு குழந்தையை மட்டும் தூக்கிக்கொள்ளலாம். சீட்டை மாற்ற இது காரணம் ஆகாது.

அழுகை: சீட்டில் வைத்தாலே அழுகிறது என்றால், பெல்ட் முறுக்கியிருக்கிறதா, வெயில் முகத்தில் படுகிறதா, மெத்தையை இன்னும் எடுக்காமல் இருக்கிறோமா என்று பாருங்கள். முன்பக்கம் திருப்புவது இதற்குத் தீர்வு இல்லை.

சின்னதாயிடுச்சு... அடுத்து என்ன?

பெரும்பாலான பெற்றோர் தவறு செய்யும் இடம் இதுதான். கூடை சீட் போதவில்லை என்றால் அடுத்த கட்டம் முன்பக்கம் பார்த்த சீட் இல்லை. காரின் பின்பக்கம் பார்த்தபடியே பொருத்தக்கூடிய, இன்னும் பெரிய சீட்தான் அடுத்த கட்டம். கன்வர்ட்டபிள் சீட் என்று கேட்டால் கடையில் காட்டுவார்கள். இதை முதலில் பின்பக்கம் பார்த்தும், குழந்தை வளர்ந்த பிறகு முன்பக்கம் பார்த்தும் பொருத்தலாம்.

வாங்கும்போது பாக்ஸில் பெரிதாகப் போட்டிருக்கும் '0 முதல் 18 கிலோ', '0 முதல் 7 வயது' என்ற எண்களை மட்டும் பார்க்காதீர்கள். 'பின்பக்கம் பார்த்தபடி எத்தனை கிலோ வரை, எத்தனை சென்டிமீட்டர் வரை?' என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. சில மாடல்களில் அது 13 கிலோவோடு நின்றுவிடும், சிலவற்றில் 18 கிலோ வரை போகும். ஓட்டின் உயரமும் முக்கியம். பழைய கூடை சீட்டைவிட முதுகுப் பகுதி உயரமாக இல்லாவிட்டால், மாற்றியும் பலன் இல்லை.

கூடவே '9 கிலோ' என்ற இன்னொரு எண்ணும் கண்ணில் படும். எடை அடிப்படையிலான தரநிலையில் 1-வது பிரிவு 9 கிலோவில் தொடங்குவதால், அந்த எடையிலிருந்து முன்பக்கம் பார்த்துப் பொருத்தலாம் என்று பல சீட்டுகளில் எழுதியிருக்கும். அது குறைந்தபட்ச எல்லை. 9 கிலோ ஆனதும் திருப்பியே ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நடுத்தர எடையுள்ள ஆண் குழந்தை 9 முதல் 10 மாதத்துக்குள்ளேயே 9 கிலோவைத் தொட்டுவிடும். அந்த வயதில் கழுத்து எலும்புகள் முன்பக்கம் பார்த்து மோதலைத் தாங்கும் அளவுக்கு உறுதியாகியிருக்காது.

ஆர்129 தரநிலை இதை வெளிப்படையாகவே தடுக்கிறது. அதன்படி 15 மாதம் முடியும் வரை குழந்தையை முன்பக்கம் பார்த்து உட்கார வைக்கக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2011-ல் 2 வயது வரை பின்பக்கம் பார்த்தே இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. 2018-ல் வயதுக் கணக்கையும் எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் அதிகபட்ச எடை அல்லது உயரம் வரும் வரை பின்பக்கம் பார்த்தே உட்கார வையுங்கள் என்று மாற்றியது. கலிபோர்னியாவில் 2017 முதல் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது சட்டம். 40 பவுண்டு எடையோ 40 இன்ச் உயரமோ இருந்தால் மட்டுமே விலக்கு.

பின்பக்கம் பார்த்து உட்காருவதில் அப்படி என்ன இருக்கு?

பிறந்த குழந்தையின் தலை அதன் மொத்த நீளத்தில் சுமார் கால் பங்கு. பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்கு அருகில்தான். கனமான தலை, பலமில்லாத கழுத்து. இதுதான் குழந்தையின் உடலமைப்பு.

நேருக்கு நேர் மோதலில் கார் நின்றுவிடும், உள்ளே இருப்பவர்கள் முன்னோக்கி வீசப்படுவார்கள். முன்பக்கம் பார்த்த சீட்டில் குழந்தையின் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலையை எதுவும் பிடிக்காது. மொத்த இழுவையும் கழுத்தில் இறங்கும். பின்பக்கம் பார்த்த சீட்டில் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக சீட்டின் முதுகில் அழுந்தும். விசை பரவலாகப் பிரிந்துவிடும்.

விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் முதுகால் விசையைத் தாங்குவதைப் பார்த்துத்தான், 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் குழந்தைகளுக்குப் பின்பக்கம் பார்த்த சீட்டை உருவாக்கினார். இன்றும் ஸ்வீடனில் 4 வயது வரை குழந்தைகளைப் பின்பக்கம் பார்த்தே உட்கார வைப்பது பரவலான வழக்கம்.

"மடியில வச்சுக்கிட்டா ஆகாதா?"

பாட்டியோ அத்தையோ பின் சீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதில் சொல்ல ஒரு சின்னக் கணக்கு போதும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி 0.1 வினாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர்கள் மீது சராசரியாகத் தங்கள் எடையைப் போல 14 மடங்கு விசை வரும். 9 கிலோ குழந்தை அந்த நொடியில் சுமார் 126 கிலோ கனத்தோடு கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். எவ்வளவு பாசமாக இறுக்கிப் பிடித்தாலும் யாராலும் நிறுத்த முடியாது.

குழந்தையையும் சேர்த்து ஒரே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். பெரியவரின் உடம்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் குழந்தை நசுங்கிவிடும்.

சரியாகப் பயன்படுத்தப்படும் குழந்தைகள் சீட், கார் விபத்தில் 1 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 சதவீதமும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் உயிரிழப்பை 54 சதவீதமும் குறைப்பதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டுள்ளது.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு சீட்டோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் எந்த எடையில் எந்த சீட், எந்தப் பக்கம் பார்த்து உட்கார வைக்க வேண்டும் என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதனால் அபராதத்திலிருந்து தப்பிப்பதும் குழந்தை பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

புதிய கார் வாங்குபவர்கள், 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் சோதனையில் அந்த மாடலுக்குக் குழந்தைகள் பாதுகாப்பில் எத்தனை ஸ்டார் என்று பார்க்கலாம். பெரியவர்களுக்குத் தனியாகவும் குழந்தைகளுக்குத் தனியாகவும் ஸ்டார் தருகிறார்கள்.

சீட் மாற்றும்போது மறக்கக் கூடாதவை

முன் சீட் வேண்டாம்: ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்த சீட்டை எக்காரணத்தைக் கொண்டும் பொருத்தக் கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தில் நேராக சீட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால் மோதும். பின் இருக்கைதான் சரியான இடம்.

காரில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்: பெரிய சீட்டுக்கு முன்னும் பின்னும் இடம் அதிகம் தேவை. சின்ன ஹேட்ச்பேக் கார் என்றால், முன் சீட்டை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கும் என்று பொருத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். காரில் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா, இல்லை சீட் பெல்ட்டால்தான் கட்ட வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் எந்தப் பக்கமும் 1 இன்ச்சுக்கு மேல் நகரக் கூடாது.

பழைய சீட்டைக் கைமாற்றும் முன்: "அக்கா பையன் உட்கார்ந்த சீட், நல்லாதான் இருக்கு" என்று வாங்கிக்கொள்வதும், நம் சீட்டை அடுத்தவருக்குக் கொடுப்பதும் சகஜம். விபத்தில் சிக்கிய சீட் என்றால் வேண்டாம். வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். பல சீட்டுகளில் காலாவதித் தேதி அடியில் அச்சிடப்பட்டிருக்கும். லேபிள் கிழிந்து, மாடலும் தேதியும் தெரியாத சீட்டையும் தவிர்ப்பது நல்லது.

சுருக்கமாக...

எடை, உயரம், தலை, பெல்ட் என்ற நான்கில் எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ, அன்றோடு கூடை சீட் முடிந்தது.

பெரும்பாலும் எடைக்கு முன்னால் தலைதான் எல்லைக்கு வரும். 2.5 சென்டிமீட்டர் இடைவெளியை மாதம் ஒருமுறை பாருங்கள்.

கால் மடங்குவதும் முதல் பிறந்தநாளும் கணக்கில் வராது.

கூடை சீட் முடிந்தால் அடுத்தது பெரிய சீட், அதுவும் பின்பக்கம் பார்த்தபடி. 9 கிலோ ஆனதும் திருப்ப வேண்டாம். சீட் அனுமதிக்கும் கடைசி எல்லை வரை அப்படியே இருக்கட்டும்.

உங்கள் சீட்டின் லேபிளில் என்ன போட்டிருக்கிறது? அடுத்த முறை காரை எடுக்கும் முன் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.